அனந்தராமன் நின்று பார்த்த இடங்கள்

மயிலாப்பூரில் பார்க்க வேண்டியவை எவை என்று கேட்கும் வெளியூர்க்காரர்களுக்குக் கோபுரமும் குளமும் இருந்தன. உள்ளூர்க்காரர்களுக்கு அனந்தராமன் இருந்தார்.

அவரைப் பார்க்க ஒரு தகுதி வேண்டும். வீட்டில் யாருக்காவது 'அந்த வியாதி' வந்திருக்க வேண்டும். அதன் பெயரை வாய்விட்டுச் சொன்னால் சொன்னவர் வாயிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று அந்த 1975-ஆம் வருஷத்திலும் பட்டதாரிகள் நம்பினார்கள். பட்டதாரிகளே நம்புகிறார்களே என்று மற்றவர்கள் நம்பினார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருவர் கிளம்பி, குளத்துக்குப் பின் தெருவில் மாடிப் போர்ஷனில் குடியிருந்த அனந்தராமனிடம் வந்து, "ஞாயித்துக்கிழமை செத்த ஆத்துப் பக்கம் வந்துட்டுப் போகணும்" என்பார். எதற்கு என்று அவரும் சொல்லமாட்டார், இவரும் கேட்கமாட்டார். ஞாயிறு நாலு மணிக்கு, வெளுத்து வந்த சட்டையைப் போட்டுக்கொண்டு இவர் புறப்படுவார்.

நோயாளிக்கு எதிரே நாற்காலி போட்டிருக்கும். இவர் உட்கார்ந்து காபி குடிப்பார். குடித்து முடிக்கும்வரை எல்லோரும் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு வீட்டுப் பெரியவர் கண்காட்சியைத் திறந்துவைப்பார்.

"இவரைப் பாருங்கோ. அம்பத்தொம்போதுல இவருக்கும் இதேதான். கழுத்துல நெறி, மார்ல நெறி. டாக்டரெல்லாம் கையை விரிச்சாச்சு. கரண்ட் வெச்சா. இப்போ கல்லு மாதிரி இருக்கார்."

அனந்தராமன் கல்லு மாதிரி இருப்பார். பிறகு சட்டையின் மேல் இரண்டு பட்டன்களைக் கழற்றுவார். நடு மார்பில் ஒரு சாண் அகலத்துக்கு, ரோமமே இல்லாமல், ஈட்டி மரத்தின் நிறத்தில் ஒரு சதுரம் தெரியும். கூடியிருப்பவர்களில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

"நிச்சயம் குணமாயிடும்" என்பார் அனந்தராமன், பட்டனை மாட்டியபடி.

இதில் ஒரு விசேஷம் உண்டு. அவர் உத்தியோகம் பார்த்தது வானிலை ஆபீசில். இருபத்திரண்டு வருஷமாக அவர் கையால் எழுதிய அறிக்கைகளில் 'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்பதற்கு மேல் துணிந்து ஒரு வார்த்தை வந்தது கிடையாது. வெளியே புயலடித்துக் கூரை பறந்துகொண்டிருந்தபோதுகூட 'பலத்த காற்று வீசக்கூடும்' என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டவர். வாரம் ஆறு நாள் அப்படி அடக்கி வைத்த 'நிச்சயம்' எல்லாம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் தாராளமாக வெளியே வந்தது. அப்படி முப்பத்தேழு வீடுகளில் நிச்சயம் சொல்லியிருந்தார். பிழைத்தவர்கள் தீபாவளிக்கு பட்சணம் கொடுத்தனுப்பினார்கள். மற்றவர்கள் யாரும் திரும்பி வந்து புகார் சொன்னதில்லை.

அந்தச் சதுரம் வந்த கதை சின்னதுதான். முப்பது வயதில் கழுத்தில் நெல்லிக்காய் போல ஒன்று தட்டுப்பட்டது. மார்புக்குள் அதைவிடப் பெரிய காய்கள் இருப்பதாகப் படம் எடுத்தவர்கள் சொன்னார்கள். அடையாற்றுக்கு அந்தப் பக்கம் மரங்களுக்கு நடுவே ஒரு ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள். அதற்குப் புத்தகத்தில் கதிர்வீச்சு என்று வேறு பெயர் உண்டு. ஜனங்கள் வைத்த பெயர் கரண்ட். மார்பில் ஊதா மையால் கட்டம் போட்டு, அழியக்கூடாது, குளிக்கும்போது அங்கே தண்ணீர் படக்கூடாது என்றார்கள். தினமும் ஒரு பெரிய இயந்திரத்துக்கு அடியில் அவரைப் படுக்கவைத்துவிட்டு, எல்லோரும் கனமான கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விடுவார்கள்.

அங்கேதான் அவர் கனவு காணக் கற்றுக்கொண்டார். வலி இல்லை, சூடு இல்லை. ஒரு ரீங்காரம் மட்டும். கண்ணை மூடினால் திருவான்மியூர்க் கடல் வரும். அங்கே இரைச்சலோடு இருக்கும் கடல், இங்கே சத்தத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தது போல வரும். அலை எழும், விழாது. ஒரு கட்டுமரம் பாதி உயரத்தில் நிற்கும். அதில் நிற்பவன் இவரைப் பார்த்துக் கையை உயர்த்துவான். வா என்கிறானா, போ என்கிறானா என்று தெரிவதற்குள் கதவு திறந்துவிடும். முப்பது நாள் படுத்தார். முப்பது நாளும் அவன் கையை உயர்த்தினான். அதன் பிறகு காய்கள் கரைந்தன. ஜானு என்கிற அவர் மனைவி வேண்டிக்கொண்டபடி மாங்காட்டு அம்மன் கோயில் வரை நடந்து போய்விட்டு வந்தாள். வாழ்க்கை தொடர்ந்தது.

இப்போது, பதினாறு வருஷம் கழித்து, அனந்தராமன் நிற்க ஆரம்பித்தார்.

முதலில் மாடிப்படியில் நின்றார். அவர் வீட்டுக்குப் பத்தொன்பது படி. பத்தாவது படி திரும்புகிற இடத்தில் ஒரு ஜன்னல் உண்டு. அங்கே வரும்போது மார்புக்குள் யாரோ பட்டுப் புடவையை மடித்து, அதன் மேல் முழங்காலை வைத்து அழுத்துவது போல இருந்தது. மூச்சு மேலே வர மறுத்தது. நின்றார். சும்மா நின்றால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தை ரசித்தார். தினமும் ரசித்தார். ஒரு மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர் இளநீர்க் குலைகளை எண்ணிவைக்கத் தொடங்கினார்.

பிறகு தெருவிலும் நின்றார். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியில் தபால் பெட்டி அருகே ஒரு தடவை, குளத்து மதில் மூலையில் ஒரு தடவை, காபிக்கொட்டை வறுக்கும் கடைக்கு எதிரே ஒரு தடவை. ஒவ்வோரிடத்திலும் எதையாவது அண்ணாந்து பார்த்து, லேசாகத் தலையை ஆட்டி, ரசனையின் சாயலை முகத்தில் வரவழைத்துக்கொண்டு நின்றார்.

நடிப்புக்கு என்று நின்றவருக்கு நாளாவட்டத்தில் உண்மையாகவே ஏதோ தெரிய ஆரம்பித்தது. மூச்சு திரும்பி வருவதற்கு ஆகும் அந்த இரண்டு நிமிஷத்தில் மயிலாப்பூர் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கோபுரத்தின் மூன்றாவது நிலையில் ஒரு புறா இறக்கையை விரித்தால், மடக்குவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டது. குளத்துத் தண்ணீர் பாகு போல் அசைந்தது. சிவப்பு பஸ் ஒன்று மூலையில் திரும்பி, திரும்பி, இன்னும் திரும்பிக்கொண்டே இருந்தது. காபிக்கொட்டை வாசனை தெருவைக் கடந்து வருவதை அவரால் கண்ணால் பார்க்க முடிந்தது. எங்கோ அந்தப் பழைய ரீங்காரம் கேட்டது. பிறகு புடவையை மடித்தவர் முழங்காலை எடுப்பார். பஸ் போய்விட்டிருக்கும்.

இதை முதலில் கவனித்தவர் எதிர்வீட்டு ராமானுஜம். ரிடையரான தலைமையாசிரியர். ரிடையரான நாளிலிருந்து எதைப் பின்பற்றுவது என்று தெரியாமல் இருந்தவர்.

"ஓய், தபால் பெட்டிகிட்ட நின்னுண்டு தினமும் என்ன பாக்கறீர்?"

மூச்சு இல்லாத காரணத்தால் அனந்தராமன் பதில் சொல்லாமல் வானத்தை நோக்கி ஒரு விரலைக் காட்டினார்.

ராமானுஜத்துக்கு உடம்பு சிலிர்த்தது. "ஒரு வார்த்தை பேசலை ஓய்! விரலை மட்டும் காட்டினார். ஏற்கெனவே யமனைப் பாத்துட்டு வந்தவராச்சே!" என்று நாலு பேரிடம் சொன்னார். மறுநாள் அவரும் தபால் பெட்டியருகே நின்றார். அடுத்த வாரம் மூன்று பேர் நின்றார்கள். கும்பல் நிற்கிற இடத்தில் வியாபாரம் ஆகும் என்று பூக்காரி காமாக்ஷி தன் கூடையைக் கோயில் வாசலிலிருந்து அங்கே மாற்றிக்கொண்டாள். அனந்தராமனுக்கு மூச்சு வாங்க வாங்க, அவருடைய ஞானம் பேட்டை முழுக்கப் பரவியது.

ஏமாறாதவன் ஒருவன் இருந்தான். தெருமுனையில் சைக்கிள் ரிக்‌ஷா நிறுத்தியிருக்கும் மண்ணாங்கட்டி.

"இன்னா சாமி, ஆகாசத்துல இன்னா கீது?"

"மேகம் பாக்கறேன்ப்பா. ஆபீஸ் வேலை."

"தோடா! ரெண்டு மாசமா பாத்துக்கினுதான் இருக்கேன். மேகம் பாக்கறவன் மூக்கு இப்டியா விடைச்சுக்கினு நிக்கும்? ஏறு வண்டில. நடந்தே போய்க்கினு இருந்தே, ஒரு நாளு நானே உன்னைத் தூக்கியாந்து ஊட்டுல போடவேண்டி வரும்."

அவன் வாய் சும்மா இருக்குமா? விஷயம் ஜானுவுக்குப் போயிற்று.

"ஏன்னா, டாக்டர்ட்ட போலாம்னா."

"எதுக்கு?"

"மூச்சு வாங்கறதோல்லியோ?"

"இது வாயு. மார்ல எனக்கு இனிமே ஒண்ணும் வராது ஜானு. முப்பது நாள் கரண்ட் வெச்ச இடம். அங்கே எந்த வியாதியும் அண்டாது."

இது அவருடைய சித்தாந்தம். கரண்ட் வைத்த சதுரம் என்பது சகல நோய்களுக்கும் தடை போட்ட பிரதேசம். சளிகூட அனுமதி கேட்டுத்தான் வரவேண்டும். பதினாறு வருஷமாக மழைக்காலத்தில் எல்லோரும் காதைச் சுற்றி மப்ளர் கட்டும்போது இவர் மட்டும் நெஞ்சைத் திறந்துபோட்டு நடந்தார்.

தனக்குத்தானே சொல்லிக்கொள்ள இன்னொரு காரணமும் வைத்திருந்தார். தான் சாய்ந்தால் தனி மனிதனாகவா சாய்வோம்? முப்பத்தேழு வீட்டு தைரியமும் கூடவே சாயுமே. 'அனந்தராமனுக்கே வந்துடுத்தாம்' என்று பேச்சு கிளம்பினால் அத்தனை நோயாளிகளும் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்களே. இப்படி ஊருக்காகத் தன் மூச்சைத் தியாகம் செய்வதாக அவர் எண்ணிக்கொண்டார். உள்ளே, ஜானுவிடமும் சொல்லாத இடத்தில், சமாசாரம் மிகச் சிறியது. அது திரும்ப வந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிடுவாரோ என்று பயம். கட்டுமரத்துக்காரன் கையை உயர்த்தி நிற்கிறானோ என்று பயம்.

இந்த நிலையில்தான் தியாகராயநகரிலிருந்து வெள்ளைச்சாமி வந்தார்.

உஸ்மான் ரோடு பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். திருநெல்வேலிச் சீமைக்காரர். கடை கீழே, குடித்தனம் மேலே. ஆயிரம் பேர் வந்துபோகும் கடையில் குரலை உயர்த்தியே பழகியவர், அனந்தராமனின் கூடத்தில் உட்கார்ந்து கம்மிய குரலில் பேசினார்.

"எம் பொஞ்சாதிக்குங்க. சரோஜாதேவின்னு பேரு. முப்பது வயசு. ரெண்டு பொம்பளப் பிள்ளைய. கழுத்துலயும் நெஞ்சுக்குள்ளயும் நெறி கட்டிருக்குன்னுட்டாவ. கரண்ட் வைக்கணும்னு தேதி குடுத்து ஒரு மாசமாச்சு. போகமாட்டேங்கா. கரிக்கட்டையாப் போயிருவேன், இருக்க நாளப் பிள்ளையளோட இருந்துட்டுப் போறேங்கா. நெறி வளந்துகிட்டே இருக்கு. நீங்க ஒரு நடை வந்து, கொணமான ஆளு இப்பிடித்தான் இருப்பாவன்னு அவளுக்குக் காட்டணும்."

"நிச்சயம் வரேன்" என்றார் அனந்தராமன். பழக்கதோஷம்.

"வீடு மூணாவது மாடிங்க" என்றார் வெள்ளைச்சாமி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே.

ஞாயிறு நாலு மணிக்கு மண்ணாங்கட்டி அவரைக் கடை வாசலில் இறக்கிவிட்டான். "மூணு மாடியா? சாமி, வோணாம். அந்தம்மாவக் கீய வரச் சொல்லு" என்றான். கண்காட்சிப் பொருள் ஓரிடத்திலும் பார்வையாளர் இன்னோரிடத்திலுமாக இருப்பது முறையல்ல என்று அனந்தராமன் ஏறினார்.

முதல் மாடி வரை முருகன் துணையிருந்தார். கடைக் காலண்டர்கள் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றையும் பக்தியோடு நின்று பார்த்தார். முதல் மாடித் திருப்பத்தில் ஒரு ஜன்னல். தெருவில் புடவைப் பைகளோடு போகும் கூட்டத்தை ரசித்தார். "நல்ல வியாபாரம்" என்று முன்னால் ஏறும் வெள்ளைச்சாமியிடம் சொல்லி மூன்று மூச்சு சம்பாதித்தார். இரண்டாவது மாடித் திருப்பத்துக்கு வந்தார். அண்ணாந்தார்.

வெறும் சுவர்.

புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். காலண்டர் இல்லை, ஜன்னல் இல்லை, ஒரு விரிசல், ஒரு பல்லி, எதுவும் இல்லை. ரசிப்பதற்கு எதுவுமே இல்லாத இடத்தில் ஒரு ரசிகன் எப்படி நிற்பான்? வெள்ளைச்சாமி வேறு திரும்பிப் பார்த்தார். அனந்தராமன் வாழ்க்கையில் முதல் தடவையாக, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஏறினார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது படியில் முழங்கால் அல்ல, மொத்த ஆளும் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தார். அனந்தராமன் சுவரைப் பிடித்தார். சுண்ணாம்பு கையோடு வந்தது. உட்கார்ந்துவிட்டார்.

எங்கும் வெள்ளையாக இருந்தது. ரீங்காரம் கேட்டது. யாரோ கீழ்க்கடையில் ஒரு நீலப் புடவையை உதறினார்கள். அது கூரையைத் தாண்டி, மாடி மாடியாக விரிந்து மேலே வந்தது. ஓரத்தில் வெள்ளை ஜரிகை நுரை. அலை எழுந்தது, விழவில்லை. கட்டுமரம் நின்றது. அவன் கையை உயர்த்தினான். அனந்தராமன், 'ஒரு நிமிஷம், பட்டனைப் போட்டுக்கறேன்' என்றார்.

"ஐயா, தண்ணி குடிங்க."

கண்ணைத் திறந்தார். ஒல்லியான ஒரு பெண் எதிர்ப் படியில் செம்போடு உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றி முந்தானையை இழுத்து மறைத்திருந்தாள். பத்து நாளாக அறையைவிட்டு வெளியே வராத சரோஜாதேவி, கணவர் போட்ட கூச்சலில் இறங்கி வந்துவிட்டிருந்தாள். வெள்ளைச்சாமி சோடா வாங்கக் கீழே ஓடியிருந்தார்.

தண்ணீர் உள்ளே போனது. நெஞ்சின் மேலிருந்தவர் சற்று நகர்ந்தார்.

"கொணமாயிட்ட ஆளக் கூட்டிட்டு வாறேன்னாவ" என்றாள் அவள். "நீங்கதானா?"

"நான்தான்."

"கல்லு மாதிரி இருப்பாவன்னாவளே."

அனந்தராமன் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோய், பாதியில் எடுத்துக்கொண்டார்.

"எத்தன நாளா இப்பிடி?"

"ஆறு மாசம்."

"கரண்டாலயா?"

"தெரியாது."

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"போகலை."

அவள் அவரையே பார்த்தாள். புடவைக் கடைக்காரர் மனைவிக்கு, விரித்துக் காட்டாமல் மடித்தே வைக்கிற துணியில் பழுது இருக்கும் என்று தெரியும். "ஏன் போவல? பயமா?"

முப்பத்தேழு வீடுகளில் யாரும் கேட்காத கேள்வி. அனந்தராமன் சுண்ணாம்புக் கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டார். "ஆமாம்மா" என்றார்.

சரோஜாதேவி சிரித்தாள். வருஷக்கணக்கில் சிரிக்காதவள் போல ஆரம்பத்தில் கொஞ்சம் தடுமாறி, பிறகு நன்றாகவே சிரித்தாள். "நல்ல ஆளப் புடிச்சாவ போங்க! நானும் பயந்துட்டு மேல உக்காந்துருக்கேன். நீங்களும் பயந்துட்டு எனக்குத் தகிரியம் சொல்ல வந்துருக்கிய." பிறகு முகம் மாறியது. "ஐயா, ஒண்ணு செய்வோம். நீங்க டாக்டரப் போய்ப் பாருங்க. அவுக என்ன சொல்லுதாவளோ, அத ஒண்ணுவிடாம எங்கிட்ட வந்து சொல்லணும். கூட்டிக் கொறச்சுச் சொல்லப்படாது. நீங்க வந்து சொன்னா நான் கரண்டுக்குப் போறேன். வரலன்னா போகல."

கண்காட்சிப் பொருளோடு பார்வையாளர் ஒப்பந்தம் போடுவது மயிலாப்பூர்ச் சரித்திரத்தில் இதுவே முதல் தடவை.

ஒரு மாதம் ஏற்கெனவே வீணாகியிருந்தது. அவள் கழுத்தில் இருப்பது காத்திருக்காது என்பது மற்றவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். புதன்கிழமை லீவு போட்டார்.

திருவல்லிக்கேணியில் டாக்டர் கைசர் ஜஹானின் கிளினிக் தரைத்தளத்தில் இருந்தது. அதற்காகவே அந்த அம்மாளைத் தேர்ந்தெடுத்தார். ஐம்பது வயது, நெஞ்சு வைத்தியத்தில் பெயரெடுத்தவர். நோயாளி பேசும்போது எழுதாமல் முகத்தைப் பார்ப்பவர்.

"முன்னாடி பெரிய வியாதி ஏதாவது?"

"டைபாய்டு. பத்து வயசுல."

"அப்புறம்?"

"மஞ்சக்காமாலை. காலேஜ் நாள்ல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கூட வந்திருந்த ஜானுவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்னா, ஊருக்கெல்லாம் அவுத்துக் காட்டறேளே, டாக்டருக்குக் காட்டினா தேஞ்சா போயிடும்?"

பட்டன்கள் கழன்றன. டாக்டர் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. சதுரத்தின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். தூரத்து அலையைக் கேட்பவர் போல இருந்தது. பிறகு இ.சி.ஜி. எடுத்தார். எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். சனிக்கிழமை எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினார்.

"கரண்டுக்குக் கண் கிடையாது, மிஸ்டர் அனந்தராமன். கட்டி எது, இதயம் எதுன்னு அதுக்குத் தெரியாது. கட்டிக்குப் பக்கத்துல இதயம் இருந்துது. அதுவும் கூட நின்னு முப்பது நாள் வெயில் காய்ஞ்சுது."

"பதினாறு வருஷம் கழிச்சா காட்டும்?"

"மெதுவா நடக்கிற காரியம். இதயத்துக்குப் போற ரத்தக் குழாய் கொஞ்சம் கொஞ்சமா தடிச்சு, வழி குறுகியிருக்கும்னு நினைக்கிறேன். வெளிநாட்டுப் பத்திரிகைல இப்பத்தான் சில வருஷமா இதைப் பத்தி எழுதறாங்க. அதுக்கு முன்னாடி எப்படி எழுதுவாங்க? இந்த வியாதிக்காரங்க இவ்வளவு வருஷம் இருந்தாத்தானே தெரியும்!"

"அப்போ கரண்ட் வெச்சது தப்பா?"

"வெக்கலேன்னா இந்த நாற்காலி காலியா இருந்திருக்கும்."

அனந்தராமன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஆறு மாதமாகத் தபால் பெட்டியருகே நின்று கேட்காத கேள்வி இப்போது வெளியே வந்தது.

"டாக்டர்... அது திரும்பி வரலியே?"

"எது?"

"அது."

"இல்லை" என்றார் கைசர் ஜஹான். "படத்துல நெறி எதுவும் இல்லை. அது போய்ப் பதினாறு வருஷமாச்சு. இது அது விட்டுட்டுப் போன வேலை."

ஜானு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அனந்தராமனுக்கு, படிக்கட்டில் நின்ற அந்த நீல அலை இப்போதுதான் மெல்ல விழுவது போல இருந்தது.

நெஞ்சு அழுத்தும்போது நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை. தினமும் விழுங்க வேறு மாத்திரை. ஊறுகாய், அப்பளத்துக்குத் தடை. சமதளத்தில் நடக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டவேண்டும், உடம்பு நன்றாக இருந்தாலும். "முக்கியமா ஒண்ணு" என்றார் டாக்டர். "மூச்சு வாங்கினா நில்லுங்க. வெட்கப்படாம நில்லுங்க. எதையும் பார்க்கற மாதிரி நடிக்க வேண்டாம்." எப்படித் தெரிந்தது என்று அனந்தராமன் திடுக்கிட்டார். வாசலில் மண்ணாங்கட்டி ரிக்‌ஷா பெல்லை அடித்துக்கொண்டிருந்தான்.

வண்டி நேராகத் தியாகராயநகர் போயிற்று. இந்தத் தடவை அவர் ஏறவில்லை. கடையில், வாடிக்கையாளர்களுக்காகப் போட்டிருக்கும் வெள்ளை மெத்தையில் உட்கார்ந்தார். சரோஜாதேவி மூன்று மாடி இறங்கி வந்தாள். சுற்றிலும் பிரிந்து கிடந்த புடவைகளுக்கு நடுவே எதிரே உட்கார்ந்தாள். வெள்ளைச்சாமி கடைச் சிப்பந்திகளைப் பார்வையாலேயே தூரத்துக்கு விரட்டினார்.

டாக்டர் சொன்னதை அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக ஆபீஸ் பாஷையை ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கொண்டுவந்தார்.

"கரண்ட் வெச்சா உங்க நெறி பெரும்பாலும் கரையும். பத்து, பதினஞ்சு வருஷம் கழிச்சு நெஞ்சுல கோளாறு வரக்கூடும். வராமலும் போகலாம். இப்போ ஆஸ்பத்திரில இதயத்துக்கு மேல ஈயக்கட்டி வெச்சு மறைக்கப் பாக்கறாளாம். டாக்டரம்மா விசாரிச்சுச் சொன்னா. அதனால உங்களுக்குக் கம்மியா இருக்கக்கூடும்."

"நிச்சயமாச் சொல்ல முடியாதோ?"

"முடியாதும்மா. இதுவரைக்கும் சொன்னதே தப்பு."

அவள் ஒரு புடவையின் ஓரத்தை நீவிவிட்டாள். "ரேடியோவுல சொல்லுத மாதிரி சொல்லுதிய."

"அதை எழுதறவன்தான் நான்."

"மழை வரும்னு ரேடியோவுல சொன்னா, கொடைய எடுத்துட்டுத்தான் போவோம். வீட்டுக்குள்ளயே இருந்துருவமா?" என்று சொல்லி, கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, திங்கக்கெழம வண்டி சொல்லுங்க." பிறகு மீண்டும் அனந்தராமனிடம், குரலைத் தாழ்த்தி: "அதுக்கு அடியில படுத்துருக்கையில என்ன செய்யணும்? ஒத்தைக்குப் பயமா இருக்குமே."

"கண்ணை மூடிக்கோங்கோ. எனக்குக் கடல் வந்தது. உங்களுக்கு என்ன வரும்னு சொல்ல முடியாது."

அவளுக்குப் பருத்திக்காடு வந்ததாம். வெடித்த பருத்தி, எங்கு பார்த்தாலும் வெள்ளையாக. பிற்பாடு சொன்னாள். அவரும் கட்டுமரத்துக்காரனைப் பற்றிச் சொன்னார். இருபத்தெட்டு நாள். நெறி கரைந்தது.

மயிலாப்பூரில் இதற்கிடையே ஒரு நெருக்கடி. தபால் பெட்டியருகே நின்ற அனந்தராமன், தான் நிற்பது ரத்தக் குழாய் சுருங்கியதால் என்று ராமானுஜத்திடம் வெட்கப்படாமல் சொல்லிவிட்டார்.

"அப்போ விரலைக் காட்டினது?"

"பேச மூச்சில்லை ஓய்."

"நாலு மாசமா நானும் நிக்கறேனே!"

"எனக்கு வியாதி. உமக்கு என்ன?"

ராமானுஜம் யோசித்தார். கோபுரத்தில் ஒரு புறா இறக்கையை விரித்தது. "சரி, பழகிடுத்து" என்று தொடர்ந்து நின்றார். காமாக்ஷியும் கூடையை எடுக்கவில்லை.

தை மாதம் வெள்ளைச்சாமி வீட்டில் பொங்கலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டர் மெதுவாக ஏறலாம் என்று அனுமதித்திருந்தார். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை சட்டைப் பையில் இருந்தது. கண்காட்சியில் இப்போது அதையும் சேர்த்தே காட்டினார். முதல் மாடி, முருகன். ஜன்னல், கூட்டம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அண்ணாந்தவர் நின்றுவிட்டார்.

சுவரில் கண்ணாடி போட்ட ஒரு படம் மாட்டியிருந்தது. கடல். நடுவே ஒரு கட்டுமரம், ஆள் இல்லாமல். கீழே ஒரு முக்காலி.

"உக்காந்து பாருங்கய்யா" என்று மேலிருந்து சரோஜாதேவியின் குரல் வந்தது. "நிக்கணும்னு கட்டாயமில்ல."

உட்கார்ந்தார். படம் கொஞ்சம் கோணலாக இருந்தது. ஆணியில் சரிசெய்யத் தூக்கியபோது பின்பக்கம் தெரிந்தது. அட்டையில் பென்சிலால், கடைப் பார்சல் மேல் விலாசம் எழுதுகிற பெரிய எழுத்தில் எழுதியிருந்தது:

'சரோஜாதேவிக்கு 1975-இல் கரண்ட் வைத்தது. 1985 முதல் வருஷா வருஷம் நெஞ்சு டாக்டர். மூச்சு வாங்கினாலும் வாங்காவிட்டாலும். மறக்கக் கூடாது. மறைக்கவும் கூடாது.'

அனந்தராமன் படத்தை நேராக மாட்டினார். மேலே பொங்கல் பானை பொங்கி, குழந்தைகள் கத்தினார்கள். அவர் மூச்சு சீராகத்தான் இருந்தது. எழுந்திருக்க அவசரம் எதுவும் தோன்றவில்லை. ஆளில்லாத கட்டுமரத்தைப் பார்த்தபடி இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தார்.